வீதியில் மாள்வோர் யாவர்?

வீதி விபத்துக்களைப்பற்றிப் பேசுங்கால், மாண்டவர் எத்துணையர் என வினவுகிறோமேயன்றி, அவர் யாவர் என வினவுகின்றிலோம். பின்னைய வினாவே பெரும்பயன் தருவதென்பது எமது கருத்து.

மத்திய சர்க்காரின் வீதிப் போக்குவரத்து இலாகா வெளியிட்ட கணக்கின்படி, 2016-ஆம் ஆண்டில் இந்தியாவில் வீதி விபத்துக்களால் இறந்தோர் 1,50,785 பேர். 2022-இல் 1,68,491 பேர். ஏற்றம் நூற்றுக்கு ஏறக்குறைய 12. உட்பிரிவுகளை நோக்கின் வேறொன்று புலனாகும். இறந்த பாதசாரிகள் 15,746-இலிருந்து 32,825 ஆயினர், இருமடங்கிற்கும் மேல். இருசக்கர மோட்டார் வண்டிகளில் சென்று இறந்தோர் 52,500-இலிருந்து 74,897 ஆயினர். ஏனையோரின் தொகையோ 82,539-இலிருந்து 60,769 ஆகக் குறைந்தது. கணக்கெடுக்கும் முறை திருந்தியதும் இம்மாறுதலுக்கு ஒரு காரணமாகலாம். எனினும் அதன் போக்கு தெளிவு.

இதற்குக் காரணம் யாது? காரில் அமர்ந்தவனை இரும்புக்கூடும் இடைவாரும் காக்கின்றன. நடப்பவனுக்கு உடம்பன்றி வேறு அரணில்லை. வேகம் இருமடங்காயின் வண்டியின் இயக்க ஆற்றல் நான்மடங்காகுமென்பது பௌதிக நூல் கற்றோர் அறிந்ததே. அவ்வாற்றலைத் தாங்குபவன் மெலியவனே. 2022-இல் தலைக்கவசமின்றி மாண்ட இருசக்கர வண்டியாளர் மட்டும் 50,029 பேர். அவ்வகுப்பில் மூவருள் இருவர்!

நம் மாணவருட் பலர் நடந்தோ இருசக்கர வண்டியிலோ கல்லூரிக்கு வருவோரே. ஆதலின் இக்கணக்கு அயலார் கணக்கன்று. தலைக்கவசம் அணிதல் நம் கடன்; நடப்போர்க்குத் தடையற்ற நடைபாதையும், வேகத்திற்கு வரம்பும் வேண்டுமெனக் கேட்டலும் நம் கடனே.