ஞானப்பல் வீக்கத்துக்கு ஸ்டீராய்டு: டாக்டர் கொடுத்தால் மருந்து!

இரண்டு நாள் லீவு போட்டு ஞானப்பல்லை எடுத்துக்கொள்பவர்கள், மூன்றாம் நாள் வேலைக்குக் கிளம்பும்போது கண்ணாடியைப் பார்த்துத் திடுக்கிடுவது உண்டு. கன்னம் பன் போல வீங்கியிருக்கும். இட்லி விள்ளலைப் போடக்கூட வாய் திறக்காது.

பயப்பட வேண்டியதில்லை. ஈறைக் கீறி, எலும்பில் புதைந்த பல்லை எடுத்தால் இப்படித்தான் ஆகும். வீக்கம் 2, 3-ம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். ஒரு வாரத்தில் பெரும்பாலும் வடிந்துவிடும்.

இதைக் குறைக்கப் பல் டாக்டர்கள் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தைக் கொடுப்பதுண்டு. நம் உடம்பின் அட்ரினல் சுரப்பியில் ஊறும் கார்டிசோலைப் போலச் செய்யப்பட்டது இது. வழக்கமாக 4 முதல் 8 மில்லிகிராம், ஆபரேஷனை ஒட்டி ஒரே வேளை. வீக்கமும் தாடை இறுக்கமும் குறையும். ஆனால் வலி மாத்திரைக்கு இது மாற்று அல்ல.

ஒரு வேளை மருந்தால் பெரும்பாலோருக்குக் கெடுதல் இல்லை. ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்கு ஓரிரு நாள் சர்க்கரை ஏறலாம். வயிற்றுப்புண், காசநோய், ரத்தக்கொதிப்பு உள்ளவர்களும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஊர்ப் பாஷை சரியாக வராதவர்கள், தாங்கள் சாப்பிடும் மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

'போன தடவை கேட்டதே' என்று பழைய சீட்டை நீட்டி, மருந்துக் கடையில் வாங்கி விழுங்குவது ஆபத்து. உள்ளே சீழ் பிடிப்பதை ஸ்டீராய்டு வெளியே தெரியாமல் மறைத்துவிடக்கூடும். 3 நாளுக்குப் பிறகும் வீக்கம் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

லீவு லெட்டர் எழுதும்போது மூன்றாம் நாளையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்!