எக்மோ சிகிச்சையும் மூளைக் குருதிப்பெருக்கும்: ஒரு முரண்பாட்டின் விளக்கம்

2009 ஆம் ஆண்டில் எச்1என்1 இன்புளுவென்சா பரவியபோது, அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் எக்மோ இயந்திரத்தின் துணையுடன் சிகிச்சை பெற்ற 68 நோயாளர் பற்றிய ஆய்வு அவ்வாண்டே வெளியாயிற்று. அதற்குள் 14 பேர் இறந்திருந்தனர். மூளைக்குள் ஏற்பட்ட குருதிப்பெருக்கு அவ்விறப்புக்களின் முக்கிய காரணங்களுள் ஒன்றாகும். சுவாசப்பை நோய்க்குச் சிகிச்சை பெற்றவர் மூளையில் குருதி கசிந்து இறப்பதேன்? விதியென்றோ, வைத்தியரின் கவனக்குறைவென்றோ கூறி அமைதல் பொருந்தாது. விடை பெரிதும் சிகிச்சை முறையினுள்ளேயே பொதிந்துள்ளது.

வைரசினால் சுவாசப்பைகள் செயலிழக்குமிடத்து, பெருநாளமொன்றினின்றும் குருதி வெளியே எடுக்கப்பட்டுச் சவ்வொன்றினூடாகச் செலுத்தப்படுகிறது. அங்கு காபனீரொட்சைட்டு அகற்றப்பட்டு, ஒட்சிசன் சேர்க்கப்பட்ட குருதி உடலுக்கு மீள்கிறது. இயந்திரம் நோயைக் குணப்படுத்துவதில்லை. சுவாசப்பை தேறுவதற்கு வேண்டிய காலத்தையே ஈட்டிக்கொடுக்கிறது. ஆனால், அந்நியப் பரப்பைத் தொட்டதும் உறையத் தொடங்குவது குருதியின் இயல்பு. அதனைத் தடுப்பதற்கு, மருத்துவ மாணவரான ஜே மக்லீனின் 1916 ஆம் ஆண்டு ஆய்வில் வேர்கொண்ட ஹெப்பாரின் வழங்கப்படுகிறது.

முரண்பாடு இங்குதான் தோன்றுகிறது. இயந்திரம் இயங்குவதற்குக் குருதி உறையாதிருத்தல் வேண்டும். மூளையின் நுண்குழாயொன்று சிதைந்தால் அது உறைந்தே ஆகவேண்டும். அத்துடன், இயந்திரத்திற் சுழலும் குருதியிற் சிறுதட்டுக்கள் குறைகின்றன; உறைதலுக்கு உதவும் புரதமும் சிதைகிறது. கடும் அழற்சி குழாய்ச் சுவர்களை நலிவிக்கிறது. காபனீரொட்சைட்டு சடுதியாகக் குறைவது மூளையின் குருதியோட்டத்தைக் குலைக்கலாம். மருந்தை நிறுத்தினாலோ, இயந்திரத்திற் கட்டிபடும் அபாயம் எழுகிறது. 2020 இல் பரவிய கொவிட்-19 குருதியுறைவை மிகுவித்தமையால், இம்முரண்பாடு மேலும் கூர்மையடைந்தது.

நோயாளி பெரும்பாலும் மயக்கமருந்தின் பிடியில் இருப்பவர். தலைவலியை அவராற் கூறவியலாது. கண்மணிகளுள் ஒன்று விரிந்திருத்தலே சிலவேளை முதல் அறிகுறியாகும். அதனைக் காண்பது மணிக்கு மணி விளக்கேந்திப் பார்க்கும் தாதியின் கண்ணே. குருதி உறையும் நேரத்தை அளந்து மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அத்தகைய ஓயாத மனித உழைப்பாலேயே சாத்தியமாகின்றன.

எனவே, இயந்திரங்களின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஒரு நாட்டின் சிகிச்சை வல்லமையை மதிப்பிடுதல் தவறாகும். முரண்பாட்டை இயந்திரம் தீர்ப்பதில்லை. பயிற்சி பெற்ற போதிய தாதியரும் வைத்தியருமே அதனைக் கட்டுக்குள் வைத்திருக்கின்றனர். அவர்களின்றி வாங்கப்படும் கருவி, உயிர்காக்கும் வாய்ப்பைக் காட்டிலும் அதன் ஆபத்தையே முதலில் நோயாளிக்கு வழங்கும்.