கொழுவால் அறுபட்ட எருதின் கால்நரம்பு கூடும் விதம்

கெலவரப்பள்ளிப் பக்கத்தில் இன்றும் எருது பூட்டி உழுவோர் உளர். உழுங்கால் பின்னங்காலிற் கொழு பாய்ந்து, குளம்பிற்கு மேற்புறமுள்ள நரம்பு அறுபடுதல் உண்டு. நரம்பென்று நாம் வழங்குவது உண்மையில் தசையை எலும்போடு பிணிக்கும் நாணாகும். அதில் இரத்தவோட்டம் சொற்பமாதலால், தோலைப்போல விரைவிற் கூடாது.

கால்நடை வைத்தியர் இரு முனைகளையுஞ் சேர்த்துத் தைத்தபின், முதல் மூன்று வாரம் தையலே பாரத்தைத் தாங்குகின்றது. இடையில் வளரும் புதுச்சதை மிகவும் மிருதுவானது. அப்போது காலை ஊன்றவிட்டால் முனைகள் விலகி, இடைவெளியைத் தழும்பு நிரப்பிவிடும். நரம்பு கூடியதாகவே தோன்றும். ஆயினும் முன்னையினும் நீண்டிருக்கும். கணு தாழ்ந்து, குளம்பின் நுனி மேலெழும். அத்தகைய எருது ஏருக்குதவாது.

ஆலம்பாடி எருதுகள் துடியானவை. வலி தணிந்ததும் நடக்க முற்படும். ஆகையால் ஆறு வாரம் வரையில் மாவுக்கட்டை அவிழ்க்காமல் தனித் தொழுவத்திற் கட்டுக. பின்னர்ச் சிறிது சிறிதாக நடத்துவதால் புதிய நார்கள் நேராக அமைந்து வலுப்பெறும். ஆறு மாதஞ் செல்லுமுன் ஏரிற் பூட்டலாகாது.