ஓசையற்ற கட்டைகள்

இளைஞர் ஒருவர் ஆர்மோனியக் கட்டைகளை ஒத்த சிறு பலகையொன்றை விரல்களால் அழுத்துகின்றார். பலகையினின்றும் யாதோர் ஒலியும் எழவில்லை. அருகே சாய்த்து வைக்கப்பட்டுள்ள சிலேட்டளவான ஐபேட் கருவியிலிருந்தே வயலினும் குழலும் முரசும் மாறிமாறி ஒலிக்கின்றன. முதன்முதலிற் காண்போர் ‘இஃதென்ன மாயம்!’ என வியத்தல் இயல்பே.

மாயம் ஒன்றுமில்லை, நேயர்களே. இரண்டையும் இணைக்கும் கம்பி வழியே செல்வது ஓசையன்று, கட்டளை. எந்தக் கட்டை, எத்துணை விசையுடன் அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்பனவற்றை அது எண்களாகக் கூறும். கட்டைக்கும் விசைக்கும் 0 முதல் 127 வரை எண்கள் உள. அவற்றைப் பெற்ற கருவி, முன்னரே பதிந்து வைத்த ஒலித்துண்டை எடுத்து இசைக்கின்றது. இக்கட்டளை மொழிக்கு மிடி என்பது பெயர். 1983 ஜனவரியில், அமெரிக்காவில் நடந்த கண்காட்சியொன்றில், டேவ் சிமித்தின் நிறுவனம் செய்த வாத்தியமும் ஜப்பானிய ரோலண்ட் நிறுவனத்தின் வாத்தியமும் இம்முறையால் இணைக்கப்பட்டன. வியாபாரத்திற் போட்டியிடுவோர் ஒரே மொழிக்கு இணங்கியமை அரிய செய்தியன்றோ!

ஆயினும், பிறர் வாசித்த ஒலியைக் கட்டையால் எழுப்பும் எண்ணம் அதனினும் பழையது. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹரி சேம்பர்லின் கட்டைதோறும் ஓர் ஒலிநாடா பொருத்திய பெட்டியொன்றை அமைத்தார். அதனைப் பின்பற்றி இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரிலே 1963-ஆம் ஆண்டு மெலோட்ரன் தோன்றிற்று. கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். ஏறத்தாழ எட்டு விநாடிகளில் முடிந்துவிடும். விரலை எடுத்ததும் வில்லொன்று அதனைப் பின்னிழுக்கும். 1967-இல் வெளிவந்த பீட்டில்ஸ் குழுவினரின் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ பாடலின் தொடக்கத்தில் ஒலிக்கும் குழலோசை அப்பெட்டியினுடையதே.

இங்கிலாந்தின் இசைக்கலைஞர் சங்கத்தார் இதனைக் கண்டு அஞ்சினர். ஒருமுறை பதிந்த வயலின் ஓயாது ஒலிக்குமாயின் வயலின்காரரை அழைப்பார் யார்? அவ்வச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. ஒலியைத் தந்தவர் ஒருநாட் கூலியுடன் மறைந்துவிட, அவருடைய வில்லின் இனிமை பல்லாயிரம் பெட்டிகளில் விற்பனையாவதும் உண்டல்லவா?

மறுபுறம், மனித உழைப்பின்றி இதுவும் நடைபெறுவதில்லை. மெல்லத் தட்டிய முரசும் ஓங்கி அறைந்த முரசும் வேறு வேறு ஓசையுடையன. ஆதலின் நல்ல தொகுதிகளில் ஒவ்வொரு சுரத்தையும் பல விசைகளில் தனித்தனியே பதிகின்றனர். ஒரே விசையிலும் சில முறை பதிந்து மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்வர். இன்றேல், விரைந்து தட்டும்போது இயந்திரத் துப்பாக்கி வெடிப்பதுபோற் கேட்கும்!

வீட்டிற் பழக விரும்புவோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கட்டையை அழுத்தியபின் ஒலி ஒரு விநாடியின் நூறிலொரு பங்குக்குமேல் தாமதித்தால் தேர்ந்த விரல்கள் அதனை உணர்ந்து தடுமாறத் தொடங்கும். கம்பியில்லாக் காதணிக் கருவிகள் இதனினும் பன்மடங்கு தாமதிப்பன. ‘பிள்ளைக்குத் தாளம் நிற்கவில்லை’ என்று கடிந்துகொள்ளுமுன், அதனைக் கழற்றிவிட்டுக் கம்பியுள்ள ஒன்றைப் பொருத்திப் பாருங்கள்.