கூலி வாங்காத தொழிலாளர்கள்!
வாசல் கதவை மூடினால் திரும்பி வருவார்களா?

சம்பளம் கிடையாது. மேலதிகாரி கிடையாது. வேலைக்கு வராவிட்டால், ஏன் என்று கேட்கவும் ஆள் கிடையாது.

ஆனாலும் பல நாடுகளைச் சேர்ந்த சுமார் 1,000 பேர் கூடி, ஒரு பெரிய வேலையை ஆண்டுக்கணக்கில் செய்து வருகிறார்கள். அந்த வேலையின் பெயர், "டெபியன்".

அது என்ன?

கம்ப்யூட்டர் வெறும் இயந்திரம். "இதைச் செய், அதைச் செய்யாதே" என்று அதற்குக் கட்டளை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டளைகளுக்குத்தான் "மென்பொருள்" என்று பெயர். கடிதம் எழுத ஒன்று, கணக்குப் போட ஒன்று, படம் பார்க்க ஒன்று என்று எத்தனையோ உண்டு. இப்படி 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மென்பொருள் மூட்டைகளைத் திரட்டி, சரிபார்த்து, எல்லாருக்கும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதுதான் டெபியன்.

பூமியைச் சுற்றிவரும் சர்வதேச விண்வெளி நிலையத்தின் மடிக் கம்ப்யூட்டர்களுக்குக்கூட, 2013-ம் ஆண்டில் டெபியனைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

காதலி பெயர்

இதைத் தொடங்கியவர் ஒரு மாணவர். பெயர் இயான் முர்டாக். அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். 1993-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந்தேதி இந்த வேலையை அறிவித்தபோது அவருக்கு வயது 20. காதலி "டெப்ரா"வின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து, "டெபியன்" என்று பெயர் வைத்தார்.

டெபியனின் பதிப்புகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. எல்லாம் "டாய் ஸ்டோரி" படங்களில் வரும் பெயர்கள். உட்டி, சார்ஜ், வீஸி, டிரிக்ஸி என்று வரிசையாக வந்திருக்கின்றன.

அந்தப் படங்களில் பொம்மைகளை உடைக்கும் பொல்லாத பையன் ஒருவன் வருகிறான். அவன் பெயர் சிட். புதிய மென்பொருள்கள் முதலில் வந்து விழும் இடத்துக்கு அவன் பெயர்தான்! அங்கே எதுவும் எப்போதும் உடையலாம் அல்லவா?

பந்திக்கு முன்

புதிய பதிப்பு வெளிவரும் முன்பு ஒரு சடங்கு நடக்கும். அதை "உறைய வைத்தல்" என்கிறார்கள்.

கல்யாண வீட்டில் பந்தி போடும் நேரம் நெருங்கினால், சமையல்காரர் என்ன சொல்வார்? "இனிமேல் புதுப் பலகாரம் வேண்டாம். உப்பு, காரம் சரியா என்று பார்ப்போம்" என்பார். அதைப் போலத்தான் இதுவும். புதியது எதுவும் உள்ளே வராது. பழுது பார்க்கும் வேலை மட்டும் நடக்கும்.

இது அவசியம்தான். ஒரு பக்கம் பழுது பார்க்க, மறு பக்கம் புதியது வந்து குவிந்தால், வேலை எப்போது முடியும்?

சிக்கல் எங்கே?

சமையல்காரருக்குக் கூலி உண்டு, காத்திருப்பார். டெபியன்காரருக்கு ஆசைதான் கூலி. ஆசை காத்திருக்குமா?

ஓர் இளைஞர், பகலெல்லாம் ஆபீசில் உழைத்துவிட்டு, இரவில் கண் விழித்து ஒரு புதிய மென்பொருளைத் தயார் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "கதவு மூடியிருக்கிறது, பிறகு வா" என்று பதில் வருகிறது. ஒரு மாதம் என்றால் பொறுப்பார். பத்து மாதம் என்றால்?

"அதுவரை மற்றவர்களுடைய பழுதைச் சரி செய்" என்று அவருக்கு உத்தரவு போடவும் முடியாது. "யாரும் வேலை செய்யக் கடமைப்பட்டவர் அல்ல" என்பது டெபியனின் சட்டத்திலேயே இருக்கிறது.

கதவு அப்படி நீண்ட நாள் மூடிக் கிடந்ததும் உண்டு. 2012-ம் ஆண்டு ஜூன் 30-ந்தேதி உறைய வைத்த "வீஸி", 2013 மே 4-ந்தேதிதான் வெளிவந்தது. பத்து மாதம்!

அதற்கு முன்பு "சார்ஜ்" பட்ட பாடு இன்னும் பெரிது. 2002 ஜூலையில் "உட்டி" வந்தது. "சார்ஜ்" வந்தது 2005 ஜூனில். இடையில் சுமார் மூன்று ஆண்டு. அதற்குள், டெபியனையே அடிப்படையாகக் கொண்ட "உபுண்டு" 2004 அக்டோபரில் வந்துவிட்டது. "ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு" என்று அது நாள் குறித்துச் சொன்னது.

பணமா, பாசமா?

2006-ம் ஆண்டில் ஒரு யோசனை பிறந்தது. அடுத்த பதிப்பைச் சீக்கிரம் முடிக்க, பொறுப்பாளர்கள் இருவருக்குப் பணம் கொடுப்பது என்று சிலர் ஏற்பாடு செய்தார்கள்.

"நாங்கள் சும்மா உழைக்கிறோம். அவர்களுக்கு மட்டும் பணமா?" என்று மற்றவர்களில் பலர் மனம் கசந்தார்கள். சிலர் தங்கள் வேலையையே குறைத்துக்கொண்டார்கள். டிசம்பரில் வரவேண்டிய பதிப்பு, 2007 ஏப்ரல் 8-ந்தேதிதான் வந்தது.

என்ன வழி?

டெபியனின் தலைவராக 2003 முதல் 2005 வரை இருந்தவர், மார்ட்டின் மிக்ல்மயர். இந்த விஷயத்தை ஆராய்ந்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டமே பெற்றார்.

அடுத்த ரெயில் எப்போது வரும் என்று தெரியாவிட்டால், எல்லாரும் இந்த ரெயிலிலேயே முண்டியடித்து ஏறுவார்கள். ரெயில் மேலும் தாமதமாகும். நேரம் முன்கூட்டியே தெரிந்தால், அடுத்ததில் போகலாம் என்று நிம்மதியாக இருப்பார்கள். அவருடைய ஆராய்ச்சி காட்டிய வழி இதுதான்.

இப்போது டெபியனில் தேதியை முன்பே அறிவித்துவிடுகிறார்கள். கதவையும் ஒரேயடியாகச் சாத்துவதில்லை; படிப்படியாகச் சாத்துகிறார்கள். ஆசை அடங்காதவர்கள் புதியதைப் போட்டுப் பார்க்க, சோதனைக்கென்று தனி இடமும் திறந்திருக்கிறது.

"டிரிக்ஸி"க்கு 2025 மார்ச் 15-ந்தேதி முதல் கதவைச் சாத்தினார்கள். ஆகஸ்டு 9-ந்தேதி அது வெளிவந்துவிட்டது. பத்து மாதம் பிடித்த வேலை, ஐந்து மாதத்துக்குள் முடிந்தது!

ஆசையோடு வேலைக்கு வருகிறவரை வாசலில் நிறுத்தலாம். ஆனால் கதவு எப்போது திறக்கும் என்பதையும் அவருக்குச் சொல்லிவிட வேண்டும்.