எடை குறைந்தால் மதிப்பு கூடுமா?

பழைய போர்ஷே 911 காரின் பின்பக்க மூடியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது எஞ்சின் அன்று. அதன்மேல் அமர்ந்துள்ள பெரிய காற்றாடியும் அதைச் சூழ்ந்து பரந்திருக்கும் கூடுமே. அந்த எஞ்சினை நீரால் குளிர்விக்கும் ஏற்பாடு இல்லை. காற்றாடி இழுக்கும் காற்றை ஆறு சிலிண்டர்களின் மீதும் பாயச் செய்வது அந்தக் கூடுதான். அது உலோகமன்று, கண்ணாடியிழை. நம் கடற்கரைகளில் ஃபைபர் படகு என வழங்கும் படகுகளின் உடலும் இதே பொருளால் ஆனதே.

இந்தப் பொருளை அங்கே பயன்படுத்தியதில் நல்ல பொருத்தம் உண்டு. 911 காரின் எஞ்சின் பின்சக்கர அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. அங்கே கூடும் ஒவ்வொரு கிலோவும் வளைவில் காரின் வாலை வெளிப்புறம் தள்ளப் பார்க்கும். ஆகவே, அவ்விடத்தில், அதுவும் எஞ்சினின் உச்சியில் குறைக்கும் எடைக்குப் பயன் அதிகம். எஃகின் அடர்த்தி நீரைப்போல் 7.8 மடங்கு, அலுமினியத்தினுடையது 2.7 மடங்கு, கண்ணாடியிழைத் தகட்டினுடையது ஏறத்தாழ 1.5 முதல் 1.9 மடங்கு. ஆனால் எஃகின் விறைப்பு இதற்கு இல்லாததால் தகட்டைத் தடிமனாக வார்க்க வேண்டும். கணக்கில் தெரியும் இலாபம் முழுவதும் தராசில் தெரியாது.

1967-இல் போர்ஷே நிறுவனம் 911 ஆர் என்னும் பந்தயக் காரை உருவாக்கியபோது கதவுகள், மூடிகள், முன்பக்க மட்கார்டுகள் ஆகியவற்றைக் கண்ணாடியிழையால் அமைத்தது. காரின் எடை சுமார் 800 கிலோவாக இறங்கியது. 1973-ஆம் ஆண்டின் கரேரா ஆர்எஸ் 2.7 காரின் எஞ்சின் மூடியிலும் வாத்தின் வாலைப்போல் மேல்நோக்கி எழும் கண்ணாடியிழை அமைப்பு இடம்பெற்றது. பந்தய விதிக்காக 500 கார்கள் செய்ய எண்ணித் தொடங்கியவர்கள் 1,580 கார்களைச் செய்து முடித்தனர். எனவே, கண்ணாடியிழை என்றாலே போலி என்று கருதுவது தவறு. சில கார்களுக்கு அதுவே அசல்.

இன்று இத்தகைய பாகங்களைப் புதிதாக வார்ப்பது கடினமன்று. அச்சில் கண்ணாடியிழை விரிப்பை இட்டு, ரெசின் பூசி, காற்றுக் குமிழிகள் நீங்க உருளையால் அழுத்தி இறுகவிடுகின்றனர். செய்முறை எளிது என்பதாலேயே தரம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. சாதாரண பாலியெஸ்டர் ரெசின் 100 டிகிரி செல்சியஸை எட்டும் முன்பே நெகிழத் தொடங்கலாம். புகைபோக்கியின் அருகே வைக்கும் பாகத்துக்கு அது உதவாது. கார்புரேட்டரில் பெட்ரோல் கசிந்து தீப்பிடித்தால் அந்த ரெசினும் சேர்ந்து எரியும். எந்த ரெசின், எவ்வளவு வெப்பம் தாங்கும் என்று கேட்டறிந்த பின்னரே வாங்குக.

நம் நாட்டில் பழைய கார் வைத்திருப்போர் சட்டத்தையும் கருத வேண்டும். 2021-ஆம் ஆண்டின் விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த வாகனம் அசல் வடிவில் பேணப்பட்டிருந்தால் மட்டுமே அதை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டுகள் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். திருகாணியைக் கழற்றி மீண்டும் பழைய நிலைக்குக் கொணரத்தக்க காற்றாடிக் கூடு ஒரு வகை. எஃகு உடலை வெட்டி இழையுடல் பொருத்துவது வேறு வகை. பின்னதை எவருக்கும் பரிந்துரைக்க இயலாது.

ஐந்தாண்டுகளைக் கடந்த வாகனத்தின் காப்பீட்டு மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசியே முடிவு செய்கின்றனர். அப்பேச்சில் அசல் பாகங்களே உரிமையாளருக்குத் துணை. மாற்றுப் பாகம் பொருத்தியதைக் காப்பீட்டாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கழற்றிய பாகத்தைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பாமல், அதன் எண் தெரியுமாறு படமெடுத்து, துடைத்து, ஈரம் புகாத இடத்தில் பெயர்ச்சீட்டுடன் வையுங்கள். காரை விற்கும் நாளில் வாங்க வருபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.