சிக்ஸ்பென்ஸ் நன் த ரிச்சர் (இசைத்தொகுப்பு)

சிக்ஸ்பென்ஸ் நன் த ரிச்சர் என்பது அதே பெயர் கொண்ட அமெரிக்கக் கிறித்தவப் பாப் ராக் இசைக்குழுவின் மூன்றாவது இசைத்தொகுப்பு ஆகும். ஸ்டீவ் டெய்லர் தயாரித்த இது 1997 நவம்பரில் ஸ்குவின்ட் என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. பெரும்பாலான பாடல்களை மாட் சிலோகம் இயற்ற, லீ நாஷ் பாடினார்.

பெயர்க்காரணம்

இப்பெயர் சி. எஸ். லூயிசு எழுதிய மியர் கிறிஸ்டியானிட்டி நூலிலிருந்து பெறப்பட்டது. தந்தையிடம் ஆறு பென்சு வாங்கி, அதைக் கொண்டு அவருக்கே பரிசளிக்கிறது ஒரு குழந்தை. தந்தை மகிழ்கிறார், ஆனால் அவரது செல்வம் கூடுவதில்லை. மனிதன் இறைவனுக்கு அளிப்பது யாவும் இறைவன் தந்ததே என்பது இதன் கருத்து.

பின்னணி

குழுவின் முந்தைய நிறுவனம் நொடித்துப்போனதால் ஒப்பந்தச் சிக்கல் எழுந்து, இத்தொகுப்பு தாமதமானது. அக்காலத்துச் சோர்வு இதன் சில பாடல்களில் வெளிப்படுகிறது.

வரவேற்பு

கிறித்தவ இசைச் சந்தைக்கு வெளியே இத்தொகுப்பைக் கொண்டு சென்றது 'கிஸ் மீ' என்ற பாடலாகும். சமயச் சொற்கள் இல்லாத இக்காதல் பாடல், 1999 இல் வெளியான ஷீஸ் ஆல் தட் திரைப்படத்தில் இடம்பெற்றது. அதே ஆண்டில் பில்போர்ட் ஹாட் 100 தரவரிசையில் இரண்டாம் இடத்தை எட்டியது. தொகுப்பு ராக் நற்செய்தி இசைப் பிரிவிலும், பாடல் பாப் பிரிவிலும் கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டன. இவ்வாறு ஒரே படைப்பு இருவேறு இசை உலகங்களிலும் ஏற்கப்பட்டது.

எனினும் நிறுவனச் சிக்கல் மீண்டும் குறுக்கிட்டது. அடுத்த தொகுப்பான டிவைன் டிஸ்கன்டென்ட் 2002 இல்தான் வெளிவந்தது. 2004 இல் குழு கலைந்து, பின்னர் மீண்டும் இணைந்தது.